கரிகாலன் கொலைக் கேசும் மட்டாஞ்சேரி வக்கீல்களும்

ஏலே பேராண்டி, ராத்திரி நடுச்சாமத்துல பஜார் ரோட்டையே எழுப்பி உக்கார வச்சிட்டியளே, என்னலே சங்கதி? யாரோ செத்துட்டான், குத்திட்டானுவன்னு சத்தம் கேட்டுது. நானும் துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, மாடிப்படியில தடவித் தடவி எறங்கி வந்து பாத்தா, செத்தவன் பேரு ஜான் ஸ்னோவாம். பனிக்காட்டுல பெரிய மதிலு காக்குற பையனாம். கூட இருந்த காவக்காரப் பயலுவளே கத்தியச் சொருகிட்டானுவளாம். அவன் செத்தானா, பிழைச்சானா, பிழைச்சு எந்திரிச்சா பழைய ஆளா இருப்பானா, வேற ஆளா இருப்பானா? இதுக்கு நீ ஒரு கட்சி. செர்லாய் கொங்கணிப் பையன் எதிர்க்கட்சி. கச்சி மேமன் வீட்டுப் பிள்ளை உங்க ரெண்டு பேரையும் மறுக்குற மூணாங்கட்சி. கத்திக்குத்து விழுந்த புஸ்தகம் வந்தது 2011ல. பிரேதப் பரிசோதனை இன்னும் முடிஞ்சபாடில்ல.

நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனைக்காத. இந்த வயசுல ஒறக்கம் தானா வாரதில்ல, போனா நட்டமும் இல்ல. எனக்கு வருத்தம் என்னன்னா, சண்டைய நீங்க ஒழுங்காப் போடல. கொங்கணிப் பையன் பாதியில செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான். எதிராளி எந்திரிச்சுப் போற மாதிரி வாதாடுதவன் வக்கீலே இல்ல. அதான் நாலு வார்த்தை சொல்லி வைப்போம்னு உக்காந்தேன். பிடிச்சாக் கேளு, பிடிக்கலன்னா அந்தக் கருவியக் காதுல மாட்டிக்க.

நீங்க பண்ணுற காரியம் இந்த ஊருக்குப் புதுசில்ல. ஜூ டவுன்ல 1957ல மொளகு அவதி வியாபாரத்துக்குன்னே ஒரு சங்கம் வச்சாவ. அவதி வியாபாரம்னா என்னன்னு கேளு. மூணு மாசம் கழிச்சுக் கைமாறப் போற மொளகுக்கு இன்னிக்கே வெல பேசுறது. நான் பாண்டிகசாலையில கணக்கெழுதிக்கிட்டு இருந்த காலத்துல, அந்தக் கூடத்துச் சத்தம் தெருவுக்குக் கேக்கும். கம்ப்யூட்டர் வராத காலம், எல்லாம் தொண்டைதான். இடுக்கியில கொடியேறி நிக்குற மொளகு இன்னும் பறிக்கக்கூட இல்ல, இங்க அது பத்துக் கை மாறியிருக்கும். விக்குறவன் மடியில ஒரு மணி மொளகு கிடையாது, வாங்குறவனுக்கும் மொளகு வேண்டாம். இப்ப சொல்லு, எழுதாத ஆறாவது புஸ்தகத்த வச்சு நீங்க கத்துறது வேற என்னதாம்லே? ஒரே ஒரு வித்தியாசம். மொளகுக்குத் தவணைத் தேதின்னு ஒண்ணு உண்டு. அன்னிக்கு எவன் சொன்னது நெசம்னு தெரிஞ்சுபோவும், கணக்கத் தீத்துட்டு வீட்டுக்குப் போயி மீன்கறி சாப்பிடுவான். உங்க சரக்குக்குத் தவணையே கிடையாது.

அந்தக் கதைய எழுதுற ஜார்ஜ் மார்ட்டின் கணக்க நீதான ஒப்பிச்ச. மொதப் புஸ்தகம் 1996, ரெண்டாவது 1998, மூணாவது 2000, நாலாவது 2005, அஞ்சாவது 2011. ஆறாவதுக்குப் பேரு மட்டும் வச்சிருக்காரு, புஸ்தகத்தக் காணோம். 1948ல பொறந்த மனுசன். என்னவிடக் கொஞ்சம் எளையவரு. ‘இந்தாளு எழுதி முடிப்பாரா, அதுக்குள்ள போய்ச் சேந்துருவாரா’ன்னு மேமன் பையன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டான் பாரு, அத நான் மறக்க மாட்டேன். எழுத்துக்காரன் ஆயுச வாசகன் எண்ணப்பிடாது. எண்ணுறதுன்னாலும் கெழவன் முன்னால உக்காந்து எண்ணப்பிடாது. வேலைய நிதானமாச் செய்யுறதுல உள்ள சொகம் உங்களுக்கெல்லாம் அறுபது தாண்டித்தான் தெரியும்.

இன்னொண்ணு. அந்தக் கதைய 2011லருந்து 2019 வரைக்கும் டிவியில எட்டு வருசமாக் காட்டினாம்லா? அதுல ஜான் ஸ்னோ எந்திரிச்சு நடமாடினான், அவன் ஆத்தா யாரு அப்பன் யாருன்னும் 2016ல ஒடைச்சுச் சொல்லிட்டான். கேசு முடிஞ்சுது, பாயச் சுருட்டுங்கன்னு நான் நெனைச்சேன். நீ என்னலே சொன்ன? ‘தாத்தா, அது டிவி. புஸ்தகத்துல அப்படி இருக்காது.’ விடை வாசல்ல வந்து நிக்குது, நீ கதவச் சாத்துத. அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. உங்களுக்கு விடை வேண்டாம். எதிர்ல உக்காந்து மறுத்துப் பேச ஒரு ஆளுதான் வேணும்.

வேணும்னுதான் நானும் சொல்லுதேன். நாங்க மட்டும் என்னத்தப் பண்ணினோம்?

1950 அக்டோபர் கடைசியில கல்கி பத்திரிகையில ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பிச்சுது. முடிஞ்சது 1954 மே மாசம். மூணரை வருசம், வாரா வாரம். நான் அப்ப அரைக்கால் சட்டை. திருநெவேலிச் சீமையில எங்க ஊருக்குப் பத்திரிகை வந்து சேந்ததும் வாத்தியாரு வீட்டுத் திண்ணையில கூட்டம் கூடிரும். அவரு வாசிப்பாரு, மத்தவிய கேப்பாவ. எழுத்துத் தெரிஞ்சவனும் வீட்ல தனியாப் படிக்க மாட்டான். தனியாப் படிச்சா யாருட்டச் சண்டை போட? பொம்பளையாளுவ மணியம் போட்ட படத்தப் பாத்துக் குந்தவை கொண்டை போட்டுப் பாப்பாவ. வாசிச்சு முடிச்ச பக்கத்தக் கிழிச்சு, ஊசி நூலு கோத்து, பைண்டு பண்ணி வச்சுக்கிடுவாவ. அந்த பைண்டுதான் பல வீட்ல சொத்து.

என் பெரிய மாமாவுக்கும் சின்ன மாமாவுக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க மாட்டாவ; கல்யாண வீட்டுப் பந்தியில வேற வேற வரிசை. ஆனா கல்கி வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே திண்ணை. நந்தினி வீரபாண்டியனுக்குக் காதலியா, மகளா? இதான் கேசு. பெரியவரு காதலிங்கா கட்சி. சின்னவரு மகளுங்கா கட்சி. வரப்ப மறந்துட்டு விடிய விடியப் பேசுவாவ. விடிஞ்சதும் வரப்பு ஞாபகம் வந்துரும், பேச்சு நின்னுரும். 1954 டிசம்பர்ல கல்கி காலமானாரு. ரெண்டு பேரும் சேந்து துக்கம் கேட்டாவ, அப்பவும் பேசுன பேச்சு நந்தினிதான். பல வருசம் கழிச்சுப் பெரிய மாமா போனாரு. அதுக்கப்புறம் சின்ன மாமா அந்த பைண்டத் தொட்டுப் பாக்கல. ஏன் மாமான்னேன். ‘நான் சொல்லுறத ஆமான்னு கேக்க ஊரு பூரா ஆளு இருக்கு. இல்லன்னு சொல்ல ஒரு பய இல்லியே’ன்னாரு.

நந்தினி வழக்குக் கெடக்கட்டும். பெரிய வழக்கு ஆதித்த கரிகாலன் கொலை. கடம்பூர் மாளிகையில இளவரசன் செத்துக் கெடக்கான். எடத்துல நந்தினி இருக்கா, வந்தியத்தேவன் ஒளிஞ்சிருக்கான், ரவிதாசனோட ஆபத்துதவிக் கூட்டம் வெளிய காத்துக் கெடக்கு, பெரிய பழுவேட்டரையரு காளாமுகர் வேசத்துல மறைஞ்சு நிக்காரு. உலகத்துல எந்தக் கொலைக் கேசுலயும் ‘நான் கொல்லல’ன்னுதான் சொல்லுவாவ. இங்க ஆளாளுக்கு ‘நான்தான் கொன்னேன்’னு முன்னால வாராவ. மணிமேகலை நான்தான்ங்கா. பழுவேட்டரையரு நான்தான்னு சபையில சொல்லுதாரு. பழி விழுந்தது என்னவோ வந்தியத்தேவன் தலையில. ஒத்துக்கிட்டவன் சொன்னத நம்பலாமா, யாரையோ காப்பாத்தப் பொய் சொல்லுதானான்னு எங்கூர்ல ஒரு பங்குனி மாசம் முழுக்க விவாதம் நடந்துது. கதைய முடிச்சப்புறமும் வாசகரு விடல. யாரு என்ன ஆனாவன்னு கேட்டுத் துளைச்சதுல கல்கியே முடிவுரையில பதிலு எழுத வேண்டியதாப் போச்சு. அதுவும் பத்தாதுன்னு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ன்னு கதையத் தொடந்து எழுதினாரு. இதயே இப்ப நீங்க பண்ணினா ரசிகக் கற்பனைன்னு பேரு வச்சுக்கிடுதிய.

அப்புறம் மணிரத்னம் ரெண்டு படமா எடுத்தாரா, 2022 செப்டம்பர்ல ஒண்ணு, 2023 ஏப்ரல்ல ஒண்ணு. நம்ம பெரும்பாவூர் ஜெயராம்தான் ஆழ்வார்க்கடியான், குடுமியும் தடியுமா. அதனாலயே இங்க மலையாளிப் பிள்ளைகளும் கூட்டமாப் போயிப் பாத்துதுவ. பாத்துட்டு வந்து என்னயச் சுத்தி உக்காந்துக்கிட்டுதுவ: ‘தமிழ் தாத்தா, புஸ்தகத்துல நெசமாவே கொன்னது யாரு?’ இந்த ஊர்ல தமிழ்க்காரன்னா பாண்டிங்காவல்லா. ‘கொன்னது பாண்டிய நாட்டு ஆபத்துதவிக. தாத்தாவும் பாண்டி. அப்ப தாத்தாவையும் விசாரிக்கணும்’னு ஒரு பய சொன்னான். எனக்கு அது பிடிச்சுது. ஆயிரம் வருசத்துக் கொலையில சந்தேகப் பட்டியல்ல பேரு வாரது சாமானியப்பட்ட கவுரவமா?

அன்னிக்கு நான் என்ன பண்ணினேன் தெரியுமா, இப்பச் சொல்லுதேன், கோவப்படாத. கொங்கணிப் பையனத் தனியாக் கூப்பிட்டு, ‘நந்தினிதாம்டே, சந்தேகமே இல்ல’ன்னேன். மேமன் பையன்ட்ட, ‘ரவிதாசன்தான், வெளிய சொல்லாத’ன்னேன். உன்ட்ட பழுவேட்டரையருன்னேன். அன்னையிலருந்துதான் மூணு பேருக்கும் சிநேகம் இறுகிச்சு. அதுக்கு முந்தி நீங்க மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஆளுக்கொரு செல்லத் தேய்ச்சுக்கிட்டுக் கெடந்திய. இப்பப் பாரு, ஒருத்தன் வரலன்னா அடுத்தவன் வீடு தேடிப் போறான். உங்களுக்கு நான் தேடிக் கொடுத்த சொத்து, அந்த எதிர்க்கட்சி.

சரி, விடை கெடைச்சா என்ன ஆவும்? அதுக்கும் நீதான் எனக்குச் சாட்சி சொன்ன. ‘வீல் ஆஃப் டைம்’னு பதினாலு புஸ்தகம், ராபர்ட் ஜோர்டன்னு ஒருத்தரு எழுதினாருன்னியே. 1993ல வந்த அஞ்சாவது புஸ்தகத்துல அஸ்மோடியன்னு ஒருத்தன் கதவத் தொறக்கான், எதிர்ல நிக்கவன் யாருன்னு சொல்லாமலே ஆளு காலி. கொன்னது யாருன்னு உலகம் பூரா அடிச்சுக்கிட்டாவ. ஜோர்டன் 2007ல எறந்துட்டாரு, பிராண்டன் சாண்டர்சன் மிச்சத்த எழுதினாரு. 2010ல பதிமூணாவது புஸ்தகம் வந்துது. விடை அதுல இருந்துது. எங்க? கடைசிப் பக்கங்கள்ல அருஞ்சொல் விளக்கம் போடுவாம்லா, அதுல ஒரு மூலையில. கிரெண்டல்னு ஒரு பொம்பள. பதினேழு வருசம் தூங்காமக் கெடந்தவனுக்கு ஊறுகாய் ஓரத்துல வைக்குற மாதிரி ஒரு வரி! அத வாசிச்சவன்ல எத்தன பேரு சந்தோசப்பட்டான்னு நெனைக்க? பேசுறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சேன்னு பாதிப் பேரு மொகம் தொங்கிப்போயிருக்கும். நான் எழுத்தாளனா இருந்தா அந்த வரிய அடிச்சிருப்பேன்.

வெள்ளைக்காரன் கதைய விடு. நீ பொறந்து வளந்த மட்டாஞ்சேரியில, நாளும் நடந்து போற வழியில இருக்கு பாரு டச்சுக் கொட்டாரம், அதுக்குள்ள என்னைக்காவது ஒழுங்காப் போயிருக்கியா? கட்டினது போர்த்துகீசியன், 1555 வாக்குல, கொச்சி ராசாவுக்குக் கொடுக்க. பின்னால 1663ல டச்சுக்காரன் மராமத்துப் பண்ணினான், பேரு அவனுக்குப் போச்சு. உழைச்சவன் ஒருத்தன், பேரு வாங்குறவன் ஒருத்தன், அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். அங்க ராசா படுக்குற பள்ளியறையில செவுரு முழுக்க ராமாயணம். தசரதன் பிள்ளை வரம் கேட்டு வேள்வி பண்ணினதுலருந்து அயோத்திக்குத் திரும்புற வரைக்கும். மஞ்சளும் செவப்பும் பச்சையுமா, ஒரு விரக்கட எடம் மிச்சம் விடாம ஆளுக. அந்த ராசாக்களுக்கு ஒறக்கம் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியல. தலைமாட்டுல அத்தன பேரு நின்னா நான் விடிய விடிய அவியகூடச் சண்டை பிடிச்சுக்கிட்டு இருப்பேன்.

ஏன்னா, இந்த நாட்டுலயே ரொம்பப் பழைய ரசிகச் சண்டை அந்தக் கதையிலதான். வால்மீகி ராமாயணத்துல ராவணன் சீதையக் கையால பிடிச்சுத்தான் தூக்கிட்டுப் போறான். கம்பருக்கு அது பொறுக்கல. தொடவே இல்ல, பர்ணசாலையத் தரையோட பேத்துத் தூக்கினான்னு மாத்தி எழுதிட்டாரு. அத்யாத்ம ராமாயணக்காரருக்கு அதுவும் பத்தல. போனது நெசச் சீதையே இல்ல, மாயச் சீதை, நெசமானவ அக்கினியில பத்திரமா இருந்தான்னாரு. கர்க்கடக மாசம் இங்க வீட்டுக்கு வீடு படிக்காவல்லா எழுத்தச்சன் கிளிப்பாட்டு, அதுவும் அந்த வழிதான். சமண முனி குணபத்ரரு இன்னும் ஒரு படி மேல போனாரு. அவரு உத்தரபுராணத்துல சீதை ராவணனுக்கே பொறந்த மக. ஜான் ஸ்னோவுக்கு அப்பன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம்னு நீங்க துள்ளுதிய. ஆயிரம் வருசத்துக்கு முந்தியே ஒரு சந்நியாசி இதவிடப் பெரிய குண்டத் தூக்கிப் போட்டுட்டுப் பேசாம உக்காந்திருக்காரு.

இப்படி எத்தனை ராமாயணம் இருக்குன்னு ஏ.கே. ராமானுஜன் கட்டுரையா எழுதினாரு. அதப் பாடமா வச்சிருந்த டெல்லிப் பல்கலைக்கழகம் 2011ல தூக்கிருச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தம். ஒரு கட்சிக்காரனத் திண்ணையிலருந்து எறக்கி விட்டுட்டா மிச்சம் உள்ளவன் யாருட்டப் பேசுவான்?

அதுக்கு மருந்து பாலக்காட்டுல இருக்கு. அங்க பகவதி கோயில்கள்ல தோல்பாவக்கூத்து நடத்துதாவ. கூத்துமாடம்னு ஒரு நீளமான கட்டடம், முன்னால வெள்ளைத் துணி, பின்னால தேங்காமுறியில இருபத்தோரு விளக்கு. பாடுறது என்ன? கம்பராமாயணம், தமிழ்ப் பாட்டு, மலையாள தேசத்து நடுவுல. பத்ரகாளி தாரிகனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்ததுல ராம ராவண யுத்தத்தப் பாக்க முடியாமப் போச்சாம். அதனால அவளுக்காக ராவுராவா நடத்துதாவன்னு ஐதீகம். சில எடத்துல ஏழு நாளு, சில எடத்துல இருபத்தோரு நாளு. நான் போயிருந்தப்ப சாமம் ஆவ ஆவக் கூட்டம் கலைஞ்சுட்டு. மைதானத்துல நானும் ஒரு நாயும்தான். உள்ள புலவருமாரு கொஞ்சமும் சளைக்கல. ஒரு பாட்டச் சொல்லிட்டு, அதுக்கு ஒரு பாவ சந்தேகம் கேக்கும், இன்னொரு பாவ பதிலு சொல்லும், மொதப் பாவ அத மறுத்துப் புராணத்துலருந்து ஒண்ண எடுத்து விடும். பாட்டு ஒரு நிமிசம், வியாக்கியானம் அரை மணி நேரம். கேக்க ஆளில்ல, கைதட்ட ஆளில்ல, ஜெயிச்சவனுக்கு மாலையுமில்ல. பேசுறவனும் மறுக்குறவனும் இருக்கான், போதும், கூத்து நடக்குது. கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாவ. எனக்கு அதிகாரம் இருந்தா அந்த ரெண்டு பாவைக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்திருப்பேன்.

இந்தக் கடற்கரையிலயே சவிட்டு நாடகம்னு ஒண்ணு உண்டு. கிறிஸ்தவங்க ஆடுறது. பலகை மேடை நொறுங்குற மாதிரி மிதிச்சுக்கிட்டு, பிரெஞ்சு தேசத்து ராசா காரல்மான் தமிழும் மலையாளமும் கலந்து பாடுவான். அந்த ‘காரல்மான் சரித’த்த எழுதினவரு சின்னத்தம்பி அண்ணாவின்னு சொல்லுவாவ. ராசாக் கதை, வாளு, துரோகம், சத்தியம், எல்லாம் இருக்கு. மலைக்கு அந்தாண்ட பனித்தேசத்துல போயித் தேட வேண்டாம்னு சொல்ல வந்தேன், தேடாதன்னு சொல்லல. தேடு, செலவு உன்னுது.

இப்ப காரியத்துக்கு வாரேன். சண்டை போடத் தெரியணும்லே. மொத விசயம், முழுசா ஜெயிச்சிராத. நேத்துக் கொங்கணிப் பையன நீ என்ன பண்ணின? மூணாவது புஸ்தகத்துல இத்தனாவது அத்தியாயம், நாலாவது புஸ்தகத்துல இத்தனாவது அத்தியாயம்னு அடுக்கி, வாயத் தொறக்க விடாம அடிச்சிட்ட. அவன் எந்திரிச்சுப் போகாம என்ன செய்வான்? வாதத்துல எங்கயாவது ஒரு ஓட்டை விட்டு வைக்கணும். ராத்திரி வீட்டுக்குப் போயிப் படுத்து, ‘அடடா, இதச் சொல்லியிருக்கலாமே’ன்னு அவன் புரளணும். மறுநாளு அதக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருவான். அதான் உனக்கு லாபம்.

ரெண்டாவது, படிக்காம வாதாடாத. அப்படிப் படிக்காம வாதாடியே தீரணும்னா, படிச்சவன்ட்ட வாதாடாத. மேமன் பையன் அஞ்சாவது புஸ்தகத்துல பாதிதான் தாண்டியிருக்கான்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவன் தோக்குற கட்டத்துக்கு வந்ததும் ‘அது மொழிபெயர்ப்புல அப்படி’ங்கான் பாத்தியா? அவன் படிக்கறது இங்கிலீசு. இந்தச் சாமர்த்தியத்துக்கே அவனுக்கு ஒரு காயிக்கா கடைப் பிரியாணி வாங்கிக் கொடுக்கலாம். பிரியாணின்னதும் ஞாபகம் வந்துது: வெறும் வயித்துல வாதாடினா வார்த்தை தடிக்கும். தின்னுட்டு உக்காருங்க. தின்ன பெறகு யாருக்கும் அவ்வளவு கோவம் வராது, வந்தாலும் எந்திரிச்சுப் போகச் சோம்பலா இருக்கும்.

கதை முடிவ இன்னும் படிக்காதவன்ட்டப் போயி ஒடைக்காத. எதிர்வீட்டுப் பிள்ளை இப்பத்தான் ‘பொன்னியின் செல்வன்’ மூணாம் பாகத்துல இருக்கா. நீ படிக்கட்டுல நின்னுக்கிட்டு ஊமை ராணி கதைய ஒடைச்சிட்டியாம், அந்தப் பிள்ளை என்ட்ட வந்து அழுதுது. எளவு வீட்ல சேதி சொல்லுறதுக்குக்கூட ஒரு மொறை இருக்குலே.

அப்புறம் அந்த எழுத்தாளரத் திட்டுற பழக்கத்த விடு. அவரு உன்ட்ட முன்பணம் வாங்கினாரா? அஞ்சு புஸ்தகத்துக்குக் காசு கொடுத்த, அஞ்சும் கையில இருக்கு. ஆறாவது வரல, வராமலே இருக்கட்டும்னு உள்ளுக்குள்ள நீயும் வேண்டிக்கிடுதன்னு எனக்கு ஒரு சந்தேகம். வந்துட்டா, இத்தன வருசமா நீ கட்டி வச்ச கோட்டையில எத்தன செவுரு நிக்கும்னு உனக்கே தெரியும்.

‘அப்ப கரிகாலனக் கொன்னது நெசமாவே யாரு தாத்தா’ன்னு கேப்ப. கதைய விட்டுட்டுக் கல்லுக்கு வாரேன். காட்டுமன்னார்கோயில்கிட்ட உடையார்குடியில அனந்தீஸ்வரர் கோயில். அங்க ராசராசன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருசத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 987 வாக்குல வெட்டினது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனக் கொன்ன துரோகிகன்னு பேரு சொல்லி வெட்டியிருக்கான். சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரம்மாதிராசன், இப்படி. அவிய சொத்து, சொந்தக்காரவிய சொத்து எல்லாத்தையும் பறிமுதல் பண்ணின உத்தரவு அது. கல்கி ரவிதாசன எங்கருந்து எடுத்தாருன்னு இப்பத் தெரியுதா?

கல்லுலயே பேரு வெட்டியாச்சே, சண்டை தீந்திருக்கணும்லா? எங்க தீந்துது! கொலை நடந்ததுக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவுல ஏறத்தாழ பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆயிட்டு. அந்த நடுவுல பட்டத்துல இருந்தது உத்தம சோழன். அவன் ஏன் இவியளத் தண்டிக்கல? அவனுக்கே உடந்தையான்னு நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டாரு. சதாசிவப் பண்டாரத்தாரு, அதெல்லாம் இல்லன்னு மறுத்தாரு. உத்தம சோழன் மேல அப்படி ஒரு கறை இருந்தா, அவன் மகனுக்கு ராசராசன் பதவி கொடுத்துக் கூட வச்சிருப்பானாங்காரு. குடவாயில் பாலசுப்பிரமணியன் வரைக்கும் அந்தக் கல்ல வாசிச்சு வாசிச்சு எழுதிக்கிட்டேதான் இருக்காவ. வரலாறு படிச்ச பெரியவிய அவிய; உங்களமாதிரி அரைக்கை பனியன் போடல, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குக் கேட்டா சாஸ்திரி கேட்ட கேள்வி நல்லாருக்கு, பண்டாரத்தாரு சொன்ன பதில் இன்னும் நல்லாருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லா வாய்ச்சாவ.

அதனால ஒரு காரியம் பண்ணு. எர்ணாகுளத்துலருந்து காரைக்கால் போற வண்டி தஞ்சாவூர் வழியாத்தான் போவுது. தஞ்சாவூர்ல எறங்கிக் கும்பகோணம் போங்க, அங்கருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ்ஸு. ஊருக்கு ஓரத்துல வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வந்து நின்னான்னு கல்கி கதையத் தொடங்கினாரே, அதே ஏரிக்கரை. கதையோட மொதப் பக்கமும், கொலைகாரன் பேரு வெட்டின கல்லும் ஒரே ஊரு. கல்லக் கண்ணால பாருங்க. கொன்னவன் பேரு அதுல இருக்கு. கொல்லச் சொன்னவன்னு ஒருத்தன் இருந்தானா, இருந்தா அது யாரு, அது மட்டும் அதுல இல்ல. பாத்துட்டுத் திரும்புற வண்டியிலயே சண்டைய ஆரம்பிச்சிருங்க.

கொங்கணிப் பையன மறக்காமக் கூட்டிட்டுப் போ. டிக்கெட் காசு நான் தாரேன். அவனுக்கு மட்டும்.